சுருதிப் பெட்டியை மூடிய பிறகு

ஓய்வு பெற்று இரண்டு குளிர்காலம் போய்விட்டது. இன்னும் கிளினிக்கிலிருந்து ஃபோன் வந்துகொண்டுதான் இருக்கிறது. போன வாரம் அழைத்தது, என் நாற்காலியில் இப்போது உட்காரும் பெண். காது கேளாதவர்களுக்குப் பொருத்தும் கருவியில் புதிதாக ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். அதில் சங்கீதத்துக்கென்றே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் பாட்டு நன்றாகக் கேட்கும் என்று கம்பெனிக்காரர்கள் சத்தியம் செய்யாத குறை. சங்கீதம் கற்ற நோயாளிகளுக்கு அதை முதலில் போட்டுப் பார்க்கலாமா, கற்காதவர்களுக்கா, யார் சீக்கிரம் ரசிப்பார்கள் என்று கேட்டாள். ஃபோனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ஆடியாலஜிஸ்ட். காதைச் சோதித்து, கருவி பொருத்தி, அதைப் பழக்குவது என் வேலை. டாக்டர் இல்லை. இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. கோயிலுக்குப் போனால் யாராவது ஒருவர் தொண்டையைத் திறந்து காட்டாமல் விடமாட்டார். திருச்சியில் பிறந்து, சின்ன வயதில் வீணை கற்று, கல்யாணமாகி மாண்ட்ரியல் வந்து, பிரெஞ்சு படித்து, மறுபடி கல்லூரிக்குப் போய் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். அந்த வருஷங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பனியில் பஸ்ஸுக்கு நின்றதும் வினைச்சொற்களை மனப்பாடம் செய்ததும்தான் நினைவில் இருக்கிறது.

வீணை கற்றதால் எனக்கு ரசனை கூடியதா என்று கேட்டால், என் கணவர் ராகவன் இல்லை என்று அடித்துச் சொல்வார். அவருக்கு சங்கீதம் சுட்டுப்போட்டாலும் வராது. ஆனால் காரில் எந்த ஸ்டேஷன் வைத்தாலும் தலையாட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இது இன்ன ராகம், இந்த இடத்தில் பாடகர் நழுவினார், வயலின் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொண்டே வருவேன். ஒருநாள் அவர் ரேடியோவை நிறுத்திவிட்டு, "நீ பாட்டைக் கேக்கறதில்லை, பரீட்சை பேப்பர் திருத்தறே" என்றார். கோபம் வந்தது. உண்மை என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

கிளினிக்கில் எனக்கு மேலதிகாரி மதாம் யுகெத். வடக்கே ஏதோ ஒரு கிராமத்துக்காரர், கட்டை குட்டையான உருவம், நரைத்த குட்டை முடி. முதல் நாளே பேர் சொல்லிக் கூப்பிடு என்றார். எனக்கு வாய் வரவில்லை. மதாம் என்ற மரியாதைச் சொல்லையும் பெயரையும் சேர்த்து மதாம் யுகெத் என்று ஒரு சமரசம் செய்துகொண்டேன். கடைசி வரை அதைச் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டார். அவருடைய அறையில் எப்போதும் கிதார் போட்டு மூக்கால் பாடும் நாட்டுப்புறப் பாட்டு ஓடும். கதவைத் தாண்டும்போதெல்லாம் எனக்குப் பல் கூசும்.

வேலையில் அவரிடம் ஒரே ஒரு சட்டம். நோயாளியிடம் "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள், வீட்டுக்குப் போய்க் கருவியைக் கழற்றி அலமாரியில் வைப்பார்கள். "என்ன கேட்டது?" என்று மட்டும்தான் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மதாம் அந்த நேரத்தில் தன் பென்சிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எவ்வளவு நேரமானாலும் உதவிக்கு ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்க மாட்டார். எனக்கு அந்த மௌனம் பழக வருஷங்கள் ஆயின.

கருவியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் காது மெஷின் இல்லை இது. காது முற்றிலும் போனவர்களுக்கு, உள்காதின் சுருளுக்குள் ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி வைப்பார் சர்ஜன். கம்பி நெடுக இருபது சொச்சம் மின்புள்ளிகள். வெளியே காதுக்குப் பின்னால், காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு சின்னப் பெட்டி. பெட்டி ஒலியைப் பிரித்து அனுப்ப, புள்ளிகள் நரம்பைத் தொடும். மூளை பழகப் பழக அது பேச்சாக மாறும். வீணை வாசித்தவர்களுக்கு இன்னும் சுலபமாகச் சொல்லலாம். மெட்டுகள் இருக்கின்றன, தந்தியை இழுக்க முடியாது. இரண்டு மெட்டுக்கு நடுவில் விரலால் இழுத்து நாம் வரவழைக்கும் கமகமெல்லாம் அதில் இல்லை.

முதல் நாள் கருவியைத் திறப்பதில் ஒரு முறை உண்டு. ஒவ்வொரு புள்ளியாக, கீழ்ச் சத்தத்திலிருந்து மேல்நோக்கிப் போவோம். முதலில் மிக மெல்லிய ஒலி. கேட்டதும் நோயாளி கை தூக்க வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, உரக்க இருக்கிறது ஆனால் தொந்தரவில்லை என்கிற இடத்தில் நிறுத்துவோம். பிறகு பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒரே அளவு சத்தமாக இருக்கின்றனவா என்று சரிபார்ப்போம். எல்லாம் முடிந்த பிறகே மைக். நான் ஒரு வளையத்தில் துணி கட்டி வாயை மறைத்துக்கொண்டு ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்று சொல்வேன். கேட்டதை அவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும்.

மங்களேஸ்வரி டீச்சர் என் அறைக்கு வந்தது ஒரு ஏப்ரல் மாதத்தில். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், நகரத்தின் லாசால் பகுதியில் வீடு. மாண்ட்ரியல் தமிழ்ப் பிள்ளைகள் பாதிப் பேருக்கு சரளி வரிசை அவர் போட்டதுதான். மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தார். காது இரண்டும் போயிற்று. அந்த நோயில் உள்காது சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் அவசரமாக அறுவை செய்து கம்பி வைத்தார்கள். அவரை அழைத்து வந்த கணவர் தவராசா, கட்டிடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். கையில் வெள்ளைப் புள்ளிகளோடு ஓரமாக நின்றார்.

அதே வாரம் இன்னொருவருக்கும் கருவி திறந்தேன். லாரி டிரைவர், இந்த ஊர் பிரெஞ்சுக்காரர், சங்கீத ஞானம் பூஜ்யம். ஒலிகள் ஒவ்வொன்றுக்கும் குஷியாகக் கை தூக்கினார். கோடை முடிவதற்குள் லாரியில் பாட்டுப் போட்டுக்கொண்டு போவதாக வந்து சொன்னார். என்ன கேட்டது என்று கேட்டேன். கிதார் மாதிரி ஏதோ, பாடுகிறவன் மாதிரி ஏதோ, மீதி ஞாபகத்திலிருந்து வந்துவிடுகிறது என்று தோளைக் குலுக்கினார்.

டீச்சரோ முதல் புள்ளியிலேயே முகம் சுளித்தார். நான் கேட்டது சத்தத்தின் அளவை. அவர் பதில் சொன்னது ஸ்வர ஸ்தானத்தை. இது இடம் தப்பி நிற்கிறது, இதற்கு அடுத்தது இதைவிட மேலே இருக்க வேண்டும், இல்லையே என்று ஒவ்வொன்றாகத் தள்ளினார். நான் அவரைத் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவும் இல்லை. ஏனென்றால் நானும் அதே பள்ளியில் வளர்ந்தவள். அடுத்த முறை வீட்டிலிருந்து என் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைக் கைப்பையில் போட்டு எடுத்து வந்தேன்.

எங்களில் யாரும் சுருதி சேர்க்காமல் வாயைத் திறக்க மாட்டோம். அது ஒழுக்கம். வீட்டில் ஒரு நிமிஷம் பாடினாலும் முதலில் தம்புரா, பிறகுதான் மற்றது. டீச்சருக்கும் எனக்கும் அதைப் பேசி முடிவு செய்ய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பெட்டியை மேஜையில் வைப்பேன், ஸ-ப-ஸ ஒலிக்கும், டீச்சர் கண்ணை மூடிக் கேட்பார். நெற்றி சுருங்கும். மா அரைக்கிற மில்லுக்குள் நிற்கிற மாதிரி இருக்கிறது என்பார். அடுத்த வாரம் சரியாகிவிடும் என்பேன். இந்தக் கருவிக்கு ஆகவே ஆகாத ஒலி உண்டென்றால் அது தம்புராதான் என்று எனக்குப் புத்தகப்படி தெரியும். படித்தது ஒரு பக்கம் இருக்க, வளர்ந்தது மறுபக்கம் இழுத்தது. சுருதி சேராமல் எப்படி மேலே போவது?

அந்த மாதங்களில் பேச்சு அவருக்கு நன்றாகவே வந்தது. வளையத்துக்குப் பின்னால் நான் சொல்லும் சொற்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்தார். ஆனால் அதைச் சொல்லி அவரைச் சந்தோஷப்படுத்த முடியவில்லை. "கதை விளங்குது," என்றார் ஒருநாள். "ஆனா எல்லாரும் அபசுரமாக் கதைக்கினம். நீங்களும்தான்."

பிறகு முறை வைத்து வருவது தவறியது. தவராசா தனியாக வந்தார். கருவி மேசை லாச்சிக்குள், அதாவது டிராயருக்குள், கிடக்கிறது, வகுப்பை நிறுத்திவிட்டார், பிள்ளைகள் வந்து மணி அடித்தால் கதவைத் திறப்பதில்லை, வீட்டில் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் துண்டுக் கடதாசியில் எழுதிக் காட்டுகிறேன் என்றார். போடாமல் வைத்துவிட்டால் மூளை பழகியதும் கலைந்துபோகும். முதல் வருஷத்தில் கைவிட்டவர்களில் திரும்பி வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. தலைக்குள் கம்பியோடு மீதி ஆயுள் முழுக்க நிசப்தத்தில் இருப்பார்.

நவம்பரில் அவரே வந்தார். கருவியை அதன் டப்பாவில் போட்டு, சுத்தமாகத் துடைத்து என் மேஜையில் வைத்தார்.

"இதைத் திருப்பி எடுங்கோ. ஒண்டும் கேக்காம இருந்தது இதைவிடத் திறம்."

என்ன எழுதிக் காட்டினாலும் தலையை அசைக்கவில்லை. வேறு வழியில்லாமல் மதாமைக் கூப்பிடப் போனேன். சாப்பாட்டு நேரம், சூப் குடித்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். சுருதிப் பெட்டி பற்றிச் சொன்னபோது, அது எதற்கு என்று கேட்டார். எங்களுக்கு அதுதான் முதல் படி என்றேன். மதாம் சூப் கிண்ணத்தை ஒதுக்கி வைத்தார். "அதாவது," என்றார், "வாரா வாரம் அவரிடம் இல்லாததை முதலில் சோதித்துவிட்டு, இருப்பதைக் கடைசியில் சோதிக்கிறாய்."

கோபத்தோடு சொல்லவில்லை. எழுந்து, சூப் ஸ்பூனைக் கழுவி, அலமாரியிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். திருப்பி வாங்குவதற்கு முன் கருவி வேலை செய்கிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும், கடைசித் தடவையாகப் போடுங்கள் என்று என்னை எழுதிக் காட்டச் சொன்னார். டீச்சர் மரியாதைக்காகப் போட்டுக்கொண்டார். மதாம் என் சுருதிப் பெட்டியின் மூடியைத் தட்டி மூடிக் கைப்பைக்குள் தள்ளினார். நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார்.

அவருடைய ஊர்ப்பக்கத்தில் இரண்டு ஸ்பூனை முதுகோடு முதுகாகப் பிடித்து, தொடைக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் தட்டித் தாளம் போடுவார்கள். உட்கார்ந்தபடியே இரண்டு காலாலும் குதியும் விரலுமாகத் தரையில் தட்டுவார்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஆஸ்பத்திரி விருந்தில் மதாம் அதைச் செய்வார், எல்லாரும் கைதட்டுவார்கள், நானும் தட்டுவேன். ஆனால் அவருக்குத் தாளம் நிற்காது என்று நான் எப்போதோ தீர்மானித்திருந்தேன். எட்டு எட்டாக வரும் கணக்கு ஓரிடத்தில் ஒரு எண்ணிக்கை முன்னாலேயே விழுந்துவிடும். பாவம், நல்ல மனுஷி, கணக்குத்தான் உதைக்கிறது என்று ராகவனிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அன்றும் அதையே வாசித்தார். கண்ணை மேலே செருகிக்கொண்டு, மூக்கால் மெட்டை முனகியபடி, என் அறைத் தரை அதிர. டீச்சர் முதலில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய வலது கை தொடைக்குப் போயிற்று. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். யாரும் சொல்லாமல் கை தானாக ஆதி தாளம் போட்டது. சுற்று முடியும் இடத்தில் கை எட்டாவது எண்ணிக்கையான வீச்சில் இருக்க, மதாமின் கால் ஏற்கெனவே அடுத்த தட்டில் இருந்தது. டீச்சர் நிமிர்ந்தார். மறுபடி எண்ணினார். மறுபடியும் உதைத்தது.

"இதிலை ஒண்டு குறையுது," என்றார் என்னிடம்.

எனக்கு ஒரு பக்கம் சங்கடம், இன்னொரு பக்கம், உண்மையைச் சொன்னால், ஒரு அற்பத் திருப்தி. நான் கண்டுபிடித்ததையே அவரும் கண்டுபிடித்துவிட்டார். அவங்களுக்கு லயம் கொஞ்சம் போதாது டீச்சர் என்று எழுதிக் காட்டினேன். அவர் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. இன்னொருமுறை வாசிக்கச் சொல்லுங்கோ என்று விரலைச் சுழற்றினார். மதாம் வாசித்தார். டீச்சர் இந்த முறை கையை மடித்து, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டு, முடிவுக்கு வரும்போது ஒன்றைத் தானே விட்டுவிட்டுச் சரியாக மதாமின் காலோடு போய் விழுந்தார். அடுத்த சுற்றிலும் விழுந்தார். அவர் முகத்தில் ஏழு மாதமாக நான் பார்க்காத ஒன்று வந்தது.

"பிழையில்லை. ஒவ்வொரு சுத்திலையும் அதே இடத்திலைதான் விடுறா. தெரிஞ்சுதான் விடுறா."

நான் பிரெஞ்சில் சொன்னேன். மதாம் கையிலிருந்த ஸ்பூன்களைக் கீழே வைத்தார். அது அவருடைய மாமா வயலினில் வாசித்த மெட்டாம். அந்தக் கிராமத்தில் ஆடுகிறவர்கள் அந்த இடத்தில் ஓர் அடியை விழுங்கித் திரும்புவார்களாம். கோணல் மெட்டு என்றே அதற்குப் பெயர். இசைக் கல்லூரியில் படித்தவர்கள் வந்தால் உடனே அதை நேராக்கித் தருவார்களாம். இத்தனை வருஷத்தில் இந்தக் கட்டிடத்தில் இதை எண்ணிக் கண்டுபிடித்த முதல் ஆள் இவர்தான் என்று சொல்லு என்றார்.

நான் சொன்னேன். ஆனால் என் மனம் வேறிடத்தில் இருந்தது. எனக்கும் டீச்சருக்கும் ஒரே கல்வி. எனக்கு அந்தக் கல்வி, தவறு என்று ஒரு முத்திரை குத்திவிட்டு மேலே கேட்காமல் இருக்கக் கற்றுக் கொடுத்திருந்தது. சுருதியைப் பறிகொடுத்தவருக்கு அதே கல்விதான் இரண்டாம் முறை எண்ணிப் பார்க்கும் பொறுமையைக் கொடுத்தது. ஃபோனில் கேட்ட பெண்ணே, கற்றவரா கற்காதவரா என்ற உன் கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான். லாரி டிரைவருக்கு எல்லாப் பாட்டும் ஒரே வாசல். கற்றவர்களுக்குப் பல வாசல். பழக்கப்பட்ட வாசல் அடைத்துவிட்டால் அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருப்பார்கள். பக்கத்து வாசலுக்கு அழைத்துப் போக ஒருவர் வேண்டும்.

அன்று டப்பா காலியாகவே வீட்டுக்குப் போயிற்று. கருவி டீச்சர் தலையில் இருந்தது. அதன் பிறகு முறையை மாற்றினேன். சுருதிப் பெட்டியைக் கொண்டுவரவே இல்லை. வளையத்துக்குப் பின்னாலிருந்து சொற்களுக்குப் பதில் மிருதங்கச் சொல்கட்டு சொன்னேன். தகிட, தகதிமி, தகதகிட. டீச்சர் திருப்பிச் சொல்லி, அதற்கு மேல் முடிப்பாக ஒரு கோர்வையும் வைத்துத் தருவார். கேட்டதெல்லாம் மெய்யெழுத்து, இடைவெளி, அடி. அவர் காதுக்கு அதெல்லாம் கண்ணாடி மாதிரித் தெளிவு. பேச்சும் அதோடு கூடவே தெளிந்தது. எல்லாரும் அபசுரமாகக் கதைக்கிறார்கள் என்ற புகார் நிற்கவில்லை. ஆனால் அவர்கள் சொல்லுவதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

தவராசாவுக்கும் யோகம் அடித்தது. சமையலறையில் அவர் போடும் பைலா என்ற இலங்கை ஆட்டப் பாட்டுக்குக் கல்யாணமான நாளிலிருந்து தடை இருந்ததாம். இப்போது போடலாம், ஆனால் மெட்டு நல்ல மெட்டு என்று மட்டும் சொல்லப்படாது என்று நிபந்தனையாம். வெயில் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மலையடிவாரத்துப் பூங்காவில் கூடி மேளம் அடிக்கிறார்களே, அங்கேயும் இருவரும் போய் உட்காருவதாகச் சொன்னார். பாதிப் பேர் அடிக்கிறது ஒழுங்கில்லை என்று டீச்சர் புறுபுறுத்தபடி சாயந்தரம் வரை எழும்ப மாட்டாராம்.

நான் ஓய்வு பெற்ற பிறகு அவரை நெடுநாள் பார்க்கவில்லை. போன இலையுதிர் காலத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்டில் ஒரு கச்சேரி. சென்னையிலிருந்து வந்த இளம் பாடகி, நல்ல பக்கவாத்தியம். பிரதான உருப்படி முடிந்து தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தது. மிருதங்கக்காரர் மட்டும் வாசிக்கிற அந்த இருபது நிமிஷத்தில் சபை என்ன செய்யும் என்று எல்லாருக்கும் தெரியும். எழுந்து காப்பிக்குப் போகும். ராகவன் போய்விட்டார். நானும் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். வாசலை நோக்கிப் போகும் கூட்டத்துக்கு எதிர்த் திசையில், தோளால் ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார் மங்களேஸ்வரி டீச்சர். இவ்வளவு நேரம் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாராம். தனிக்காகவே வந்ததாகச் சொன்னார்.

பக்கத்தில் உட்காரச் சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தனியை முழுக்கக் கேட்டேன். டீச்சரின் கை ஓயவில்லை. கடைசிக் கோர்வை வந்து விழுந்ததும், காலி நாற்காலிகளுக்கு நடுவில் அவர் ஒருவர் கைதட்டியது மேடைவரை கேட்டது. மிருதங்கக்காரர் நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டார்.

பாடகி மறுபடி எடுத்தார். டீச்சர் எழுந்து போய்விடுவார் என்று வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டேன். அவர் அசையவில்லை. தாளம் போட்டபடி உதடுகள் மட்டும் அசைந்தன. பாட்டு முடியும்வரை அப்படியே இருந்தார். கழுத்து நரம்பெல்லாம் பாடுகிறவர்களுடையது போல ஏறி இறங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவும் இல்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்ன கேட்டுது டீச்சர்?"

"அவ பாடுறது எனக்கு இப்பவும் இரைச்சல்தான். தாளம் கேக்குது. பாட்டை நான் போட்டுக்கொள்ளுறன்." என் பக்கம் திரும்பினார். "உண்மையைச் சொல்லுங்கோ. அந்தப் பிள்ளை எப்பிடிப் பாடினது?"

"சுமார்தான். மேல் ஸ்தாயியிலே கொஞ்சம் திணறிடுத்து."

"எனக்கு வடிவா வந்தது," என்றார் டீச்சர்.